தப்பு டிஸ்க்கில் இல்லை

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பத்தியில் நான் அளந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

மறந்திருந்தால் நல்லது. மறக்காதவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் புதிதாக ஒரு ஹை-ரெஸ் பிளேயர் வந்திருக்கிறது, சாதாரண சி.டி.யில் வராத நுணுக்கமெல்லாம் ஹை-ரெஸ் டிஸ்க்கில் வருகிறது, என் கண்ணைக் கட்டிவிட்டுப் போட்டால்கூட எது எதுவென்று இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்... என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? என்னிடம் இருக்கிற ஒரு பழைய தப்பு மேள சி.டி.யை இழுத்து, “ஆரம்பத்தில் சடசடவென்று ஒரே இரைச்சல். டிஸ்க்கைத் துணியால் துடைத்தாலும் போகவில்லை. சாதாரண சி.டி.யின் லட்சணம் இவ்வளவுதான்” என்று தீர்ப்பு வேறு எழுதினேன்.

அந்த சி.டி.யில் அடித்திருப்பவன் யோகன். அவன் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் வாசிக்கிறவன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

யோகன் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். நாற்பத்திரண்டு வயது. எனக்குத் தம்பி மாதிரி, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். பகலில் மலையில் வேலை. கல்யாணம், திருவிழா, சாவு என்று எது வந்தாலும் தப்புச் செட்டுக்கு அவன்தான் தலை. தப்பு என்பது வட்டமான மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிக்கும் மேளம். எட்டுப் பேர் வரிசையாக நின்றாலும் முதல் தப்பு ஒருத்தருக்குத்தான். அவர் கையைப் பார்த்துத்தான் மற்ற ஏழு கையும் போகும். எங்கள் பக்கத்தில் யோகன் செட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

போன வருஷம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது சரிவில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் யாரோ பல நாட்டு மேளங்களைச் சேர்த்து ஹை-ரெஸ் டிஸ்க் போடுகிறார்களாம். செட்டோடு போனான், அடித்தான், திரும்பி வந்தான். வந்த நாளிலிருந்து முதல் தப்பைத் தொடவில்லை. கை நோகிறது என்று சொல்லி ஓரத்தில் நின்று ஜால்ரா தட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதையும் கேள்விப்பட்டேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பிளேயரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பதுளையில் என் வீட்டுக் கேட் தட்டப்பட்டது. பார்த்தால் யோகன். கையில் ஒரு பை, அதற்குள் அந்த டிஸ்க். தோளில் தப்பு.

“எங்கேயும் அடிக்கப் போறியா?” என்று கேட்டேன்.

இல்லையாம். டிஸ்க் போன வாரம்தான் தபாலில் வந்ததாம். இன்னும் கேட்கவில்லையாம். சாதாரண பிளேயரில் கேட்டால் முழுசாகத் தெரியாது என்று அண்ணன் எழுதியிருந்ததால், இங்கேயே வந்து கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டானாம். அண்ணன் என்றால் நான்தான்.

“தப்ப எதுக்குத் தூக்கிக்கிட்டு வந்த?”

தோளிலிருந்த தப்பை இறக்கிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

“காமன் கூத்துக்கு இன்னும் அஞ்சு நாளுதாண்ணே இருக்கு. கமிட்டியில என்னையத்தான் முன்னுக்கு நிக்கச் சொல்றாங்க. இந்த டிஸ்க்குல என் பழைய கை இருந்தா நிக்கிறேன். இல்லேன்னா, அப்படியே ஹாலிஎலவுக்குப் போயி, அங்க இருக்க செட்டுக்காரருகிட்ட தப்பக் குடுத்துட்டு வந்துருவேன். அவரு அடிக்கட்டும்.”

காமன் கூத்து என்றால், மன்மதனைச் சிவன் எரித்த கதையை விடிய விடிய ஆடும் தோட்டத்துத் திருவிழா. எவ்வளவு பெரிய விஷயத்தை என் வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்திருக்கிறான் பாருங்கள். புத்தி உள்ளவன் என்றால் பயந்திருப்பான். நான் என்ன செய்தேன்? சந்தோஷப்பட்டேன். ஹை-ரெஸ் டிஸ்க்கின் மகிமையைக் காட்ட இப்படியொரு ஆள் எப்போது கிடைப்பான்?

டிஸ்க்கைப் போட்டேன். ஆரம்பத்தில் துளி இரைச்சல் இல்லை. அப்படியொரு அமைதி. “பாத்தியா? இதுதான் ஹை-ரெஸ்” என்றேன். தப்பு ஆரம்பித்தது. அடி எல்லாம் சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் சத்தம் தொப், தொப் என்று இருந்தது. நனைந்த சாக்கைத் தட்டுகிற மாதிரி.

சரி, ஒப்பிட்டுப் பார்த்தால் ஹை-ரெஸ்ஸின் அருமை தெரியும் என்று அவனுடைய பழைய சி.டி.யைப் போட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துக் கூத்து மைதானத்தில் பதிந்தது. அந்தச் சடசட இரைச்சல் வந்தது, போனது. அப்புறம் விழுந்தது பாருங்கள் முதல் அடி! ணங்கென்று. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

யோகனின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா இல்லையா? நான் விளக்கம் சொன்னேன். சாதாரண சி.டி. குறைகளை மறைத்துவிடும், ஹை-ரெஸ் எதையும் ஒளிக்காது, உள்ளதை உள்ளபடி காட்டிவிடும் என்று ஒரு பிரசங்கம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

“அப்ப கை போயிருச்சுண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்தான். அழவில்லை. தப்பை எடுத்துத் தோளில் மாட்டினான். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்போதுதான் சாந்தி தேத்தண்ணியோடு வந்தாள். சாந்தி என் மனைவி. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் டேஸ்டிங் அறையில் கோப்பை வைத்தவள். டீமேக்கர் ருசி பார்ப்பதற்கு முன்னால் எல்லாக் கோப்பையிலும் ஒரே நிறை தூள், ஒரே கொதிநீர், ஒரே நிமிஷம் என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். ஒரு கோப்பையில் அரை நிமிஷம் கூடினாலும் அன்றைய வேலை பாழ். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டில் சோறு வேகும் நேரத்துக்கும் மணிக்கூடு உண்டு.

“தம்பி, தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள குடிங்க. ஒக்காருங்க” என்று அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ரெண்டு கோப்பையிலயும் ஒரே தூளா போட்டீங்க?”

எனக்குப் புரியவில்லை.

“டிஸ்க்குங்கிறது கோப்பைங்க. உள்ள இருக்க அடிதான் தூளு. வேற வேற தூளப் போட்டுட்டு, இந்தக் கோப்பை நல்லது, அந்தக் கோப்பை கெட்டதுன்னு சொன்னா டீமேக்கர் அடிக்க வருவாரு.”

என் கழுத்துவரை சூடேறிவிட்டது. ஆனால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அவள் கேட்டபடி ஒரே தூளை இரண்டு கோப்பையில் போட வழி இருந்தது. யோகன் கொண்டுவந்த டிஸ்க்கில் இரண்டு அடுக்கு. ஒரு அடுக்கில் ஹை-ரெஸ், இன்னொன்றில் அதே பதிவு சாதாரண சி.டி. தரத்தில். பிளேயரில் ஒரு பட்டனை அமுக்கினால் மாறும். ஆனால் பட்டனை அமுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். பஜாரில் ரேடியோக் கடை வைத்திருக்கும் நசீர் நானாவுக்கு போன் போட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். பிளேயரை எனக்கு விற்றவரே அவர்தான். யோகனின் பழைய சி.டி.யைத் தோட்டத்தில் பதிந்தவரும் அவர்தான். கடையைப் பூட்டிவிட்டு லேப்டாப்பையும் பதிகிற கருவியையும் தூக்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

பிளேயருக்கு முன்னால் ஒரு பெட்ஷீட்டைக் கட்டினோம். நானா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எதைப் போட்டார் என்று அவர் ஒரு தாளில் எழுதிக்கொள்வார், எதைக் கேட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். முதலாவதைக் கேட்டவுடனேயே ஹை-ரெஸ் என்றேன். சரி என்றார். இரண்டாவது சி.டி. என்றேன். அதுவும் சரி. நான் சாந்தியைப் பார்த்து மீசையை முறுக்கினேன். எனக்கு மீசை கிடையாது, முறுக்கினேன்.

“சத்தம் ஒரே அளவா இருக்கா நானா?” என்று சாந்தி பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

நானா போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்து பார்த்தார். இல்லையாம். ஹை-ரெஸ் அடுக்கு கொஞ்சம் கூடுதல் சத்தமாகப் பதியப்பட்டிருக்கிறதாம். சாந்தி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயம் கூடினால் மட்டும் அது நல்ல தேத்தண்ணி ஆகிவிடாது என்று யோகனிடம் சொன்னாள். எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஒவ்வொரு தடவையும் ஆப்பைப் பார்த்துச் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். பத்துத் தடவை. கண்ணை மூடிக் கேட்டேன். குனிந்து கேட்டேன். ஒரு தடவை ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகூடக் கேட்டேன். பெட்ஷீட் விலகியது. நானா தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“பத்துக்கு அஞ்சு, தம்பி. காசு சுண்டிச் செல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்.”

சரி, வெளிநாட்டில் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியலாம். அதைப் பற்றிச் சண்டை போட நான் யார்? ஆனால் பதுளையில், என் ஹாலில், வெளியே திரீவீல் போய்க்கொண்டிருக்க, அறுபத்தொரு வயதுக் காதுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியதற்கு இதோ, இந்த வரியிலேயே தோப்புக்கரணம் போட்டுவிட்டேன்.

ஆனால் யோகனுக்கு இதில் என்ன ஆறுதல்? இன்னும் மோசம்தான். இரண்டு அடுக்கிலும் அதே தொப் தொப். டிஸ்க் மேல் பழி போடவும் வழியில்லாமல் போய்விட்டது. தூள்தான் சரியில்லை என்றால் கைதான் சரியில்லை என்று அர்த்தம். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தப்பைப் பார்த்தான்.

சாந்தி என்னிடம், “அந்தப் பழைய சி.டி.ய மறுபடி போடுங்க. ஆரம்பத்த மட்டும்” என்றாள்.

போட்டேன். சடசட... சடசட...

“சத்தத்தக் கூட்டுங்க.”

கூட்டினேன். அதே இரைச்சல். நான் துணியால் துடைத்த இரைச்சல். பேப்பரில் எழுதி ஊரெல்லாம் கேவலப்படுத்திய இரைச்சல்.

“இது இரைச்சல் இல்லங்க. நெருப்பு” என்றாள் சாந்தி.

யோகன் நிமிர்ந்தான்.

அவளும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தப்படிக்கும் முன்னால் நெருப்பு மூட்டி, தோலை அதில் காட்டிக் காய்ச்சுவார்கள். ஈரம் போனால்தான் தோல் இறுகும், இறுகினால்தான் ணங்கென்று பேசும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானும் அதே மலையில் வளர்ந்தவன்தானே? ஆனால் என் காது ஹை-ரெஸ் காதாக மாறிவிட்டதால் நெருப்பு எரிகிற சத்தம் டிஸ்க் அழுக்காகக் கேட்டிருக்கிறது.

“மானாப்புல்லப் போட்டு எரிச்சது அண்ணி. அன்னைக்கி ஒரே பனி. மூணு தடவ காச்சினோம்” என்றான் யோகன்.

“கொழும்புல எத்தன தடவ காச்சுனீங்க தம்பி?”

அவன் உதடு அசைந்தது. அந்த நாளை மனதுக்குள் ஒரு தடவை நடந்து பார்க்கிறான் என்று விளங்கியது.

பிறகு மெல்லச் சொன்னான். காலையில் ஸ்டூடியோவுக்கு வெளியே, வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு தடவை காய்ச்சியிருக்கிறார்கள். அதற்கப்புறம் மழை. முந்தின ஆட்களின் பதிவு முடியவில்லை என்று விறாந்தையில் உட்கார வைத்துவிட்டார்கள். கடல் காற்று, சாரல், மூன்று மணி நேரம். உள்ளே போன பிறகு கொஞ்சம் நெருப்புக் கேட்டிருக்கிறார்கள். நெருப்பா? அலாரம் அடிக்கும், கட்டடமே நனையும் என்று பயந்துபோய், ஒரு பெண் எங்கிருந்தோ தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். எட்டுத் தப்புக்கு அது ஒன்று. நேரம் இல்லை என்று அதையும் பாதியில் வாங்கிக்கொண்டார்களாம்.

“குச்சி எழும்பலண்ணே. அடிச்சா திரும்பி வரல. கைதான் எழும்பலன்னு நெனச்சேன். பசங்களும் என் கையத்தான் பாத்தாங்க. ஒருத்தனும் வாயத் தெறக்கல.”

மணிக்கட்டு முறிந்தவன் என்று மற்ற ஏழு பேருக்கும் தெரியும். அதனால் ஏழு பேரும் கையையே பார்த்திருக்கிறார்கள். தோலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மனசு நோகக்கூடாது என்று பேசாமல் இருந்தே அவன் மனசை இத்தனை மாதமும் நோக வைத்திருக்கிறார்கள்.

“அப்ப பாத்துருவம்” என்றார் நசீர் நானா.

எல்லோரும் கொல்லைக்குப் போனோம். யோகனின் தப்பு பல மாதமாகப் பரணில் கிடந்தது, தோல் தொய்ந்திருந்தது. முதலில் அப்படியே அடிக்கச் சொன்னாள் சாந்தி. ஒரே தாளம், ஐந்து தடவை. நானா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கருவியை வைத்துப் பதிந்தார். கொழும்பு டிஸ்க்கில் கேட்ட அதே தொப். யோகனின் தலை குனிந்தது.

பிறகு நெருப்பு. மானாப்புல்லுக்கு நான் எங்கே போவேன்? சாந்தி உள்ளே போய் ஒரு கட்டுப் பழைய பேப்பரைக் கொண்டுவந்து போட்டுக் கொளுத்தினாள். யோகன் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். விரலால் ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம். இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் சத்தம் மாறியது எனக்கே கேட்டது.

கருவி நகரவில்லை, அதே தூரம், அதே தாளம், ஐந்து தடவை. முதல் அடியிலேயே பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது அடியில் மதிலுக்கு மேல் நாலு தலை தெரிந்தது. அங்கே என்ன கல்யாணமா என்று சிங்களத்தில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடித்து முடித்ததும் யோகன் தப்பைப் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் சாந்தி விடுவாளா? அடிக்கும்போது ஆசையில் நன்றாகக் கேட்கும், அது கணக்கில் சேராதாம். நானா அந்தப் பத்துத் துண்டையும் வரிசையைக் குழப்பி, லேப்டாப்பில் ஒரு சாதாரண சி.டி.யில் ஏற்றினார். கடையில் கிடைக்கும் சாதா சி.டி.தான். யோகனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். இந்தத் தடவை பத்துத் துண்டிலும் ஒரே கை, ஒரே டிஸ்க். மாறியது நெருப்பு ஒன்றுதான்.

முதல் துண்டு. “காயல” என்றான். சரி.

இரண்டாவது. “காஞ்சது.” சரி.

மூன்றாவதில் அடி விழுந்து முடியும் முன்பே சொன்னான். ஆறாவதில் சிரிக்க ஆரம்பித்தான். எட்டாவதில் சுவரைப் பார்த்தபடியே அழுதுகொண்டு சிரித்தான். பத்துக்குப் பத்து! நசீர் நானா தாளை ஆட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். அறுபத்தாறு வயது மனிதர். நான் யோகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன்.

யோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கமிட்டித் தலைவருக்கு போன் போட்டான். நீளமாக ஒன்றும் பேசவில்லை.

“நாந்தான் முன்னுக்கு நிக்கிறேன். மானாப்புல்லு நெறைய அறுத்து வைங்க.”

அன்றைக்கு அவன் ஹாலிஎலப் பக்கமே போகவில்லை. தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு பஸ் ஏறினான். ஓடும் பஸ்ஸில் சீட் கம்பியில் தாளம் தட்டியதற்குக் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கியதாக அன்று மாலையே போன் பண்ணிச் சொன்னான். ஏச்சு வாங்கியதை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

முந்தாநாள் மாலை காமன் கம்பத்தை ஊன்றிக் கூத்தைத் தொடங்கினார்கள். சாந்தியும் நானும் நானாவும் போயிருந்தோம். மைதானத்து ஓரத்தில் பெரிதாக நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. எட்டுத் தப்பும் அதைச் சுற்றி நின்றன. யோகன் முன்னுக்கு வந்து முதல் அடியை அடித்தபோது என் காலடியில் மண் அதிர்ந்தது. நானா வாளியைக் கவிழ்த்துப் பதிந்துகொண்டிருந்தார். நெருப்புச் சத்தத்தையும் சேர்த்துத்தான். இனி அதை எவன் இரைச்சல் என்று எழுதுகிறான் பார்ப்போம்.

பிளேயரை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். தினமும் பாட்டுக் கேட்கிறேன், நன்றாகத்தான் பாடுகிறது. ஹை-ரெஸ் டிஸ்க் வாங்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன்னால், அதில் அடித்தவர்களுக்கு நெருப்புக் கொடுத்தார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். நான் எழுதும் பத்திகளையெல்லாம் வெட்டி ஒரு ஃபைலில் ஒட்டி வைப்பது வழக்கம். நேற்று அந்த மூன்று வாரத்துக்கு முந்தின பேப்பரைத் தேடினேன். அலமாரியில் இல்லை, கட்டிலுக்கு அடியிலும் இல்லை. சாந்தியிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் முதலாவதாகக் கொளுத்திய பேப்பரே அதுதானாம்.

என் தப்பை எரித்து அவன் தப்பைக் காய்ச்சியிருக்கிறாள்.